இடைவெளியில் லெவி இருந்தான்

ஸ்னூக்ஸ் ரீச்,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அது உனக்குத் தனியாகப் புகார் எழுதும். குடாவில் பனிக்கட்டி இன்னும் கலையவில்லை. ஹாமில்டனில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். நீ வேகமாகப் பேசுவாய், நான் ம், ம் என்பேன், கடைசியில் அந்த 'ம்' எல்லாம் சம்மதம் என்று கணக்காகிவிடும். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

ஃபெர்ரித் துறை வேலைக்கு மனுப் போட நீ எனக்காகத் தயார் செய்து அனுப்பிய பயோடேட்டா வந்து சேர்ந்தது. கெட்டித் தாள், அழகான எழுத்து. அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் படித்துவிட்டு, "யாருங்க இந்த ஆளு? முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவனையே கட்டியிருப்பேனே" என்றாள். எனக்கும் அவனைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. கடல் உணவு உற்பத்தித் துறையில் தொடர் அனுபவம் உள்ளவனாம். குழுவாகச் செயல்படும் திறன் மிக்கவனாம். நான் நண்டுக் கால் உடைத்தவன், மகளே. பக்கத்தில் நின்றவனோடு சண்டை போட்டுக்கொண்டே உடைத்தவன். அதற்குப் பெயர் குழுத் திறன் என்றால் எங்கள் ஊரில் எல்லோரும் திறமைசாலிகள்தான்.

சினிமாக்காரர்கள் வந்தபோது நான் கரையில் ஒதுங்கிய பிணமாக நடித்துக் கிடந்த வேலையை நீ பயோடேட்டாவிலிருந்து எடுத்துவிட்டாய். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். டைரக்டர் என்னைப் பார்த்து, இன்னும் ஒரு தடவை அப்படியே படுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரு முதலாளி நான் செய்ததை மறுபடி செய்யச் சொன்னது அந்த ஒரு வேலையில்தான். போகட்டும்.

விளையாட்டை விடுகிறேன். நீ எழுதியதில் ஒரு வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மீன் ஆலையில் நான் சேர்ந்த வருஷத்தையும் ஆலை மூடிய வருஷத்தையும் எழுதி, நடுவே ஒரு கோடு போட்டிருக்கிறாய். அந்தக் கோட்டின் மேல்தான் எனக்குக் கோபம்.

உனக்குத் தெரியாததில்லை. ஆனால் அப்போது நீ சின்னப் பெண். அப்பா வீட்டில் இருந்தால் உனக்குக் கொண்டாட்டம், ஏன் வீட்டில் இருக்கிறார் என்று கேட்கும் வயதில்லை. ஆலையில் ஊர் முழுவதற்கும் போதிய வேலை எந்த வருஷமும் இருந்ததில்லை. குளிர்காலத்தில் அரசாங்கம் தரும் உதவிப் பணம் கிடைக்க வேண்டுமென்றால், கோடையில் இத்தனை மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த மணி நேரம் நிறைந்ததும் ஒருவன் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவான். அடுத்தவன் அதை எடுத்துக் கட்டிக்கொள்வான். யாரும் உத்தரவு போடவில்லை, எங்கும் எழுதி வைக்கவுமில்லை. மாட்டாமல் ஒட்டிக்கொண்டிருப்பவனோடு மட்டும் தேவாலயத்தில் யாரும் பேச மாட்டார்கள். நான் மாட்டிய ஏப்ரனை எடுத்தவன் லெவி ஸ்கின்னர். அவன் மாட்டியதை எடுத்தவன் நான். பூட்ஸும் ஒன்றுதான். அவனுக்குக் கால் பெரிது, அதனால் எனக்கு எப்போதும் லொடலொடவென்று இருக்கும்.

கப்பல்துறையைப் பழுது பார்த்தபோதும் அப்படித்தான். பஞ்சாயத்துக்குப் பனி அள்ளிய வண்டியிலும் அப்படித்தான். நான் எழுந்த இருக்கையில் சூடு ஆறுவதற்குள் அவன் உட்கார்ந்தான்.

ஆகவே நீ போட்ட அந்தக் கோட்டில் பாதி என்னுடையது, மீதி லெவி உழைத்தது. அவன் வாரங்களை என் பெயரில் எழுதியிருக்கிறாய். நீ தெரிந்து செய்யவில்லை, இடைவெளி தெரிந்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்றுதான் அடைத்தாய். ஆனால் அந்த இடைவெளியில் நான் சும்மா இருந்தேன், லெவி சும்மா இல்லை.

ஃபெர்ரிப் படகு வந்து நிற்கும் துறையில் கயிறு பிடித்துக் கட்டும் அந்த வேலைக்கு இந்தத் தாளை அனுப்ப மாட்டேன். நானே வேறு ஒன்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு வேலையும் எப்போது தொடங்கியது, எப்போது விட்டேன் என்று அதில் தனித்தனியாக இருக்கிறது. விட்ட காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் எல்லாம் 'லெவியின் முறை வந்தது' என்று எழுதியிருக்கிறேன். அவனும் அதே வேலைக்கு மனுப் போடுகிறான். ஊரில் வருஷம் முழுவதும் நடக்கும் வேலை அது ஒன்றுதான், மருத்துவக் காப்பீட்டோடு. போடாதவன் யார்?

கிறிஸ்துமஸில் உனக்குக் கொடுத்த வாக்கு நினைவிருக்கிறது. இந்தக் கோடைக்குள் நிரந்தர வேலை கிடைக்கவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு உன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். அதனால் இந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

கடவுள் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
செல்பி கீப்பிங்


ஸ்னூக்ஸ் ரீச்,
மே மாதக் கடைசி

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். பனிக்கட்டி போய்விட்டது, ஈ வந்துவிட்டது. அம்மா முழங்காலுக்குக் களிம்பு தடவுகிறாள், வாசனை வீடு முழுக்க. நீ போனில் கத்தியதில் எனக்குக் கோபமில்லை. கத்தும்போது உன் குரல் அப்படியே உன் அம்மா குரல்.

நேர்காணல் தீயணைப்பு நிலையத்து மாடியில் நடந்தது. செயின்ட் ஜான்ஸிலிருந்து திருமதி ஹவ்லெட் என்று ஒரு அம்மா வந்திருந்தார். ஃபெர்ரிக் கம்பெனியின் மேலாளர். நல்லவர். நாற்காலி ஆடும், பார்த்து உட்காருங்கள் என்று முன்பே சொன்னார். லெவியை முதலில் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே போகும்போது அவன் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "டேய், சிரிக்காதே. நீ சிரிச்சா பொய் சொல்ற மாதிரியே இருக்கும்" என்றான்.

அந்த அம்மா மேஜையில் எங்கள் இருவர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். பேனாவால் அங்கும் இங்கும் தட்டினார். "ஒருத்தர் விட்ட தேதியில இன்னொருத்தர் தொடங்கியிருக்கீங்க. எல்லா வருஷமும். பேசி வெச்சு எழுதினீங்களா?" என்று கேட்டார்.

நான், "எழுதறதுக்குப் பேசலைங்க. வேலை செய்யறதுக்குப் பேசினோம்" என்றேன். எப்படி என்று விளக்கினேன். அவர் நகரத்துக்காரர், ஏப்ரனை ஏன் கழற்ற வேண்டும் என்பது அவருக்குப் பிடிபடவே நேரமானது. "யாரும் போகச் சொல்லாமயே போனீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். "அதைச் சொல்லி வேலை வாங்க முடியாது, மிஸ்டர் கீப்பிங்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு விஷயத்துக்கு வந்தார். அன்று காலையில் துறையில் கயிறு பிடிக்கச் சொல்லி எங்கள் இருவரையும் பார்த்ததில் அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்றாம். ஏன் என்று எனக்கும் தெரியவில்லை, லெவிதான் என்னைவிட நன்றாக முடிச்சுப் போடுவான். வேலையை எனக்கே கொடுக்கச் சிபாரிசு செய்கிறேன் என்றார். ஆனால் தலைமை அலுவலகத்தில் விண்ணப்பங்களை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறதாம். இப்படித் துண்டு துண்டாக வேலை இருந்தால் மனிதக் கண்ணில் படுவதற்கு முன்பே தள்ளிவிடுமாம். "ஆலை வேலையெல்லாம் சேர்த்து ஒரே வரியா எழுதின தாள் ஒண்ணு கொடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அப்படி ஒரு தாள் ஏற்கெனவே என் அலமாரியில் இருக்கிறது, கெட்டித் தாளில். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம்தான் நீ கூப்பிட்டாய். "அப்பா, அது வெறும் பேப்பர். யாரும் சரிபார்க்க மாட்டாங்க. ஆலையே இப்ப இல்ல" என்று சொன்னாய். நீ சொன்னது சரி. ஆலை இல்லை, அதன் முதலாளி எங்கே என்று தெரியாது, வருகைப் பதிவு எங்கே போயிற்று என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் முடியாது என்கிறேன். லெவி அங்கே வேலை செய்தான் என்பதற்கு இன்றைக்கு மிச்சமிருக்கும் சாட்சி என் தாளில் உள்ள இடைவெளிதான். நான் அதை வழவழவென்று அடைத்துவிட்டால், அவன் தாள்தான் பொய் மாதிரித் தெரியும். இரண்டு தாளும் அதே மேஜைக்குத்தானே போகப்போகிறது.

லெவியிடம் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். "உனக்கு மூளை குழம்பிப்போச்சா? எழுதுடா மடையா! என் வாரத்தையெல்லாம் நீயே வெச்சுக்க. எல்லாம் நாத்தம் புடிச்ச வாரம்தானே" என்று கத்தினான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பொணம் வேலை மட்டும் எனக்குக் கொடு. அதுல எனக்கு ஒரு கண்ணு" என்றான். என்ன சொல்லியும் கேட்க மாட்டேன் என்கிறான். அவன் விட்டுக்கொடுக்கக் கொடுக்க எனக்குப் பிடிவாதம் ஏறியது. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். என்னை யாராவது தடுத்தால்கூட நின்றுவிடுவேன், வழிவிட்டால்தான் தகராறு.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக இருந்தது. கடைசியில் திரும்பி, "கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா கடைக்குப் போய் அட்டைப் பெட்டி வாங்கிட்டு வாங்க, சாமான் கட்டணும்" என்றாள். அவள் பல்லுக்கும் கண்ணாடிக்கும் அந்தக் காப்பீடு வேண்டும், மகளே. அவள் கேட்டதில் தப்பில்லை.

நான் செய்ததை இப்போது சொல்கிறேன். சிரித்தால் சிரி. லெவியை இழுத்துவந்து சமையலறை மேஜையில் உட்காரவைத்தேன். டின் பால் ஊற்றிய டீயைக் கையில் கொடுத்தேன். இரண்டு பேர் தாளையும் சேர்த்து ஒன்றாக எழுதினோம். அவன் வாரம், என் வாரம், மறுபடி அவன் வாரம். முதலிலிருந்து ஆலை மூடும்வரை ஒரு நாள் இடைவெளி இல்லை. ஒரு பொய் இல்லை. மேலே இரண்டு பெயரும் போட்டோம். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இந்த வேலைக்கு இந்த இருவரும் சேர்ந்து ஒரு ஆளாக விண்ணப்பிக்கிறார்கள் என்று எழுதினோம்.

கம்ப்யூட்டரில் ஏற்றியது அம்மாதான். எனக்கும் லெவிக்கும் விரல் தடிமன். "ஒரு வேலைக்கு ரெண்டு பேரா? அப்ப ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பு, ஒரே குடை வாங்கிக் கொடுத்துடுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினாள். ஆனால் ஒரு தேதியில் நான் தப்புச் செய்திருந்ததை அவள்தான் பிடித்தாள். அந்த வருஷம் நீ பிறந்ததால் லெவி தன் முறையை முன்னதாகவே எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான். நான் மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை.

பெயர் என்ற இடத்தில் 'செல்பி லெவி கீப்பிங் ஸ்கின்னர்' என்று போட்டாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு உங்கள் தொடர் அனுபவத்துக்கு நன்றி, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் சொன்னது. லெவி தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் வைத்தான்.

கிடைக்காமல் போகலாம் என்று எனக்குத் தெரியும். கீழ்த்தளத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவள்தான் கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா,
செல்பி கீப்பிங்


ஸ்னூக்ஸ் ரீச்,
ஜூலை

அன்பு மகள் மார்லாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் அன்போடு எழுதுவது. எழுதுவது நான், பின்னால் நின்று பார்ப்பது அவள். உன் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் செய்தி.

வேலை கிடைத்துவிட்டது. வேலை கிடைக்கவும் இல்லை. இரண்டும் உண்மை.

திருமதி ஹவ்லெட் போன் செய்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. எங்கள் தாளைக் கம்ப்யூட்டர் பாஸ் போட்டு மேலே அனுப்பிவிட்டது. மேலே இருந்த பெரிய மனிதர் அதைப் பார்த்துவிட்டு, இது என்ன கூத்து என்று கேட்டிருக்கிறார். இந்த அம்மா ஏப்ரன் கதையைச் சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர் கொஞ்ச நேரம் யோசித்திருக்கிறார். யோசிக்க விட்டதுதான் தப்பு. நிரந்தர ஆள் ஒருவனை வைத்தால் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் கொடுக்க வேண்டும். இவர்களே மாறி மாறி வருகிறோம் என்கிறார்களே, அப்படியானால் கோடைக்கு ஒருவன், குளிருக்கு ஒருவன், இரண்டும் தற்காலிகம் என்று முடிவு செய்துவிட்டார். காப்பீடு கிடையாது.

ஆக ஊரில் இருந்த ஒரே நிரந்தர வேலையை உன் அப்பா தன் கையாலேயே இரண்டு தற்காலிக வேலையாக ஆக்கிவிட்டார். அந்தப் பெரிய மனிதருக்கு இந்த யோசனை தானாக வந்திருக்காது, எழுதிக் கொடுத்தவன் நான். திருமதி ஹவ்லெட் மனம் கேட்காமல், "அந்த ஒரே வரித் தாளைக் கொடுத்திருந்தா முழு வேலையும் உங்களுக்குத்தான், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "இப்ப வருத்தமா இருக்கா?" என்றார். காப்பீட்டுக்கு வருத்தம், தாளுக்கு வருத்தமில்லை என்றேன். அந்தப் பெரிய மனிதரிடம் வருஷா வருஷம் காப்பீடு கேட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரே கடிதம் போடுவோம் என்றும் சொல்லச் சொன்னேன். போடத்தான் போகிறோம். அவர் எங்களை வேலைக்கு வைக்கலாம், வாயை மூட வைக்க முடியாது.

அம்மா சில நாள் என்னிடம் நேராகப் பேசவில்லை. பூனையிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும். "காப்பீட்டை ஊருக்கே தானம் பண்ணிட்டு வந்திருக்கார் பாரு மகாராஜா" என்று பூனையிடம் சொன்னாள். பூனையும் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. பிறகு ஒரு நாள் லெவி வந்தான். குளிர் மாதங்களை எனக்குக் கொடு, பனியில் கயிறு பிடிக்க உன் தோள் தாங்காது என்று என்னிடம் சண்டைக்கு நின்றான். உன் முதுகு தாங்குமா என்று நானும் நின்றேன். இருவரும் கத்தினோம். அம்மா கரண்டியோடு வந்து, "கோடை லெவிக்கு, குளிர் இவருக்கு. வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றாள். நாங்கள் இருவரும் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அன்றிலிருந்து என்னிடம் பேசுகிறாள்.

ஆகவே நாங்கள் வரவில்லை, மார்லா. நிரந்தர வேலை இல்லையென்றால் வருகிறோம் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். அதன்படி நீ என்னைப் பிடிக்கலாம். ஆனால் நான் வாக்கை மீறுகிறேன் என்று தெரிந்தே மீறுகிறேன். பாதி வருஷ வேலைதான். அதில் எங்களால் இருக்க முடியும். இத்தனை காலம் அப்படித்தான் இருந்தோம், உன்னையும் அப்படித்தான் வளர்த்தோம். இனிமேல் யாராவது, நீயாகவே இருந்தாலும், அதை அனுபவத்தில் சேராத காலம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் நட்டிருந்த 'வீடு விற்பனைக்கு' பலகையைப் பிடுங்கிக் கோழிக்கூட்டுக்குக் கதவு அடித்துவிட்டேன். நன்றாக மூடுகிறது.

இப்போது உன் கடிதம். கோபமாக எழுதியிருக்கிறாய். "உங்களுக்கென்னப்பா, பெருமையா எழுதலாம். பக்கத்துல லெவி இருந்தாரு. என் இடைவெளியில யாருமே இல்ல" என்று எழுதியிருக்கிறாய். நீ இப்போது வேலை பார்க்கும் ஏஜென்சியில் உன்னை இரண்டு வருஷமாகவே நிரந்தரமாக்கவில்லை, அதற்கு முன்னால் இருந்த ஏழு இடங்களையும் ஒரே வரியில் 'சுயமாகச் செய்த பணி' என்று மறைத்துத்தான் அங்கே சேர்ந்தாய் என்று எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றும் போட்டிருக்கிறாய். அம்மாதான் உறையைப் பிரித்தாள்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த ஊரில் தனியாக வாடகை கொடுத்துப் பார்த்தவள் நீ. அங்கே என்ன எழுதினால் வேலை கிடைக்கும் என்று உனக்குத்தான் தெரியும். நீ எழுதிய தாளைத் திருத்தச் சொல்லவில்லை. நான் செய்த மாதிரிச் செய் என்றும் சொல்லவில்லை. பார்த்தாயே, நான் செய்து என்ன ஆயிற்று என்று.

ஆனால் ஏழு இடம் என்கிறாயே. எங்களுக்கு இரண்டுதான் தெரியும். அந்தக் காலணிக் கடையும், பல் டாக்டர் வீட்டு வரவேற்பு மேஜையும். மற்ற காலமெல்லாம் நீ எங்கே உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டாய் என்று தெரியாமலே நாங்கள் இங்கே, மார்லா அதே இடத்தில்தான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தோம். நேற்று அம்மா சுவரில் இருக்கும் ஹாமில்டன் வரைபடத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். முழங்கால் வலிக்கும், உட்கார் என்றேன். கேட்கவில்லை.

எங்களுக்கு ஒரு தாள் எழுது, மகளே. முதலாளிக்கு இல்லை, எங்களுக்கு. எல்லா இடத்தையும் போடு, ஒரு வாரம் இருந்தது, ஒரு நாள் இருந்தது எல்லாம். தெருப் பெயர் போடு, அம்மா வரைபடத்தில் பார்ப்பாள். ஏன் விட்டாய், யார் போகச் சொன்னார்கள் என்று எழுத வேண்டாம். எங்கே இருந்தாய் என்று மட்டும் எழுது.

என்றும் உன் அப்பா,
செல்பி